சில்லறை

நூலக முத்திரை மங்கிய நாவல்.
நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில்
அவளுக்குத் தெரிந்துவிடுகிறது,
அம்மாவின் காப்பைச் சேட்டுக் கடையிலிருந்து
சத்தமில்லாமல் மீட்டு அனுப்பியவன் அவன்தான் என்று.

அதுவரை
கால் நீட்டி உட்கார்ந்தபடி
அவனை வம்புக்கு இழுத்தவள்
நூற்றுப் பத்தொன்பதில்
அவன் வந்ததும் எழுந்து நிற்கிறாள்.

ஒரே வரி.
எழுதியவர் அதைத் தாண்டி
மழைக்கும் மாமரத்துக்கும் போய்விடுகிறார்.
எனக்குப் போக முடியவில்லை.
கடலூரில் ஏறி உட்கார்ந்தவள்
பெண்ணையாற்றுப் பாலம் கடந்த பிறகும்
அந்த வரியிலேயே
நின்றுகொண்டிருந்தேன்.

கன்னியக்கோயிலில் தனிஸ்லாஸ் ஏறுவான்.
நேரு வீதிக் கண்ணாடிக் கடையில்
நான் பில் போடுகிறேன்,
அவன் உள்ளறையில் லென்ஸ் தேய்க்கிறான்.
இரண்டு வருடமாக என் இருக்கையோரம்
கம்பியைப் பிடித்தபடி வருகிறவன்.
'உன் கைப்பையை மடியில வெச்சா
இன்னொரு ஆள் உட்காரலாம்' என்பான்.
'நீ டயட்ல இரு, ரெண்டு ஆள் நிக்கலாம்' என்பேன்.
தவளக்குப்பம் வரை இது ஓடும்.

மார்ச்சில் அப்பாவுக்கு ஆபரேஷன்.
ஓ நெகட்டிவ் இரண்டு யூனிட்.
சொந்தக்காரர்கள் போனை எடுத்து,
ஐயோ என்று சொல்லி, வைத்தார்கள்.
பிறகு எப்படியோ கிடைத்தது.
எப்படி என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

அந்த வெயிலில்
இரண்டு நாள் அவன் முழுக்கைச் சட்டை போட்டு வந்தான்.
மாப்பிள்ளை மாதிரி இருக்கே என்று
நான்தான் கேலி செய்தேன்.

டிஸ்சார்ஜ் அன்று கட்டிக் கொடுத்த காகிதங்களில்
ஒரு படிவம்.
கண்ணாடிக் கூடுகள்மேல் பவர் எழுதுகிற
அதே சாய்ந்த கையெழுத்து.
இன்னொரு யூனிட் அவன் தம்பி பெயரில்.

மறுநாள் கன்னியக்கோயிலில்
அவன் ஏறியதும் எழுந்துவிட்டேன்.
'உட்காருங்க.'

அந்த 'ங்க'
எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.
அவன் உட்காரவில்லை.
நானும் உட்காரவில்லை.
காலி இருக்கையில் கிருமாம்பாக்கத்தில்
ஒரு மீன்கூடை ஏறிக்கொண்டது.

இரண்டு வாரம் இப்படி.
அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன்.
அவன் மொக்கை ஜோக்குகளுக்குச் சிரித்தேன்.
ராத்திரி படுக்கையில் கணக்குப் பார்த்தேன்:
இது அதுதானா, இல்லை நன்றியா?
அப்பாவின் தழும்பைத் துடைக்கும்போது
கணக்கு இன்னும் குழம்பியது.
நாவலை மூடி வைத்திருந்தேன்.

போன திங்கட்கிழமை
டிக்கெட்டுக்குக் கண்டக்டர் கை நீட்ட
தனிஸ்லாஸ் என் பக்கம் குனிந்தான்.
'வடிவு, ஒரு பதினஞ்சு ரூபா இருக்கா?
சில்லறை இல்ல.'

வெள்ளைச் சட்டை, மெல்லிய துணி.
பையில் மடித்திருந்த பத்துகள்
பழுப்பாகத் தெரிந்தன.
மூன்றோ நான்கோ.

நான் அதைப் பார்த்ததை அவன் பார்த்தான்.
பிறகு ஜன்னலைப் பார்த்தான்.
அரியாங்குப்பத்து ஆற்றில்
யாரோ படகைத் தள்ளிக்கொண்டிருந்ததை
அவ்வளவு அக்கறையாகப் பார்த்தான்.

கொடுத்தேன்.
உட்கார்ந்தேன்.
கைப்பையை வேண்டுமென்றே பக்கத்தில் வைத்து,
'எப்போ திருப்பித் தருவே நீ?' என்றேன்.

'நாளைக்கு.'

நாவலை முடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
அதில் அவன் கடைசிவரை
அவளிடம் ஒன்றுமே கேட்கவில்லை.
அதனால்தான் முந்நூற்று நாற்பது பக்கம்.

இன்று வெள்ளி.
மறக்காமல் கேட்டேன்.
இன்று ரொக்கம், நாளை கடன் என்று
கடையில் எழுதி வைத்திருப்பார்களே,
அதைத் தலைகீழாகச் சொல்லிக் காட்டினான்.
வட்டி ஏறுது, பார்த்துக்கோ என்றேன்.
ஏறட்டும் என்றான்.