பன்னிரண்டு அடிக்க ஏழு நிமிடம்

மைதானம் என்று சொல்வது மரியாதைக்கு.
வெட்டிய புல் எண்பது மீற்றர்,
மூன்று பக்கமும் வியூத்ரிஷின் சோளம்,
நாலாம் பக்கம் லாங்கெந்தாலுக்குப் போகும் ரயில்.
கம்பத்தில் ஒரு பலகை:
பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை
ஊர் சாப்பிடும். ஒருவரும் பறக்கவிடக் கூடாது.

முதல் விமானம் மஞ்சள். ரெஜிபோம்.
செட்டை முதுகுக்கு மேல்.
தொடங்குகிறவர்களுக்கு அதுதான் நல்லதாம்,
கையை விட்டால் தானே நிமிருமாம்.
நான் கையை விடவில்லை.
பதினொரு செக்கன்.
பிறகு சோளத்துக்குள் ஒரு இருமல்.

விழுந்த விமானம் கூப்பிடும், தெரியுமா?
சிக்னல் அறுந்தால் மோட்டார் கீச்சிடும்,
தாயைத் தொலைத்த கோழிக்குஞ்சு மாதிரி.
என்னிலும் உயர்ந்த வரிசைகளுக்குள்
மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தேன்.
இலை விளிம்பு கழுத்தைக் கீறியது.
கண்டெடுத்து வெளியே வந்தால்
டிராக்டரில் வியூத்ரிஷ்.
முறிந்த தண்டுகளை விரல்விட்டு எண்ணி
'ஒன்பது' என்றார்.
அடுத்த சனி ஒன்பது மரக்கறி ரோல்ஸ் கொண்டுபோனேன்.
உறைப்பில் முகம் சிவந்து
ஒன்பதையும் முடித்தார்.

போகும்போது எல்லாம் சரி.
வலம் என்றால் வலம், இடம் என்றால் இடம்.
திரும்பி என்னைப் பார்த்து வரும்போதுதான்
கை பொய் சொல்லத் தொடங்கும்.
என் இடம் அதன் வலம்.
அதை யோசித்து முடிப்பதற்குள் நிலம் வந்துவிடும்.
பல்லுக்குக் கம்பி போட்ட லோரேனா,
பதினாறு வயது, சொன்னாள்:
'யோசிக்காதே. எந்தச் செட்டை சரிகிறதோ
அந்தப் பக்கம் முட்டுக்கொடு.'
சொல்லுக்கு விளங்கியது. விரலுக்கு இல்லை.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
விரிப்பின் அந்தத் தலைப்பில் ஃபிலிஸ்,
இந்தத் தலைப்பில் நான்.
நாளுக்கு நானூறு விரிப்பு.
என் இடக்கை மூலையைத் தேடி
அவள் வலக்கை மூலை வரும்,
ஒருநாளும் பிழைத்ததில்லை.
ஒரு செவ்வாய், எத்தனையாவது விரிப்போ,
அவளே என்னைப் பார்த்து வரும் விமானம் என்று பட்டது.
சிரித்தேன். ஏன் என்று கேட்டாள்.
எனக்கிருந்த ஜெர்மன் அதற்குப் போதவில்லை.

மாரி முழுக்கக் கணினித் திரையில்
இருநூற்றுப் பதினாலு விமானம் உடைத்தேன்.
ஒரு சதம் செலவில்லை.
உடையும் சத்தத்தை மட்டும் குறைக்கச் சொன்னார்
நித்திரைக்குப் போன குகதாசன்.

இரண்டாவது சிவப்பு. செட்டை வயிற்றடியில்.
கையை விட்டால், சரிந்தது சரிந்தபடி.
தானாக எதையும் திருத்திக்கொள்ளாது.
அதுதான் எனக்குப் பிடித்தது.
தலைகீழாகப் பறக்கையில்
உயரக் குச்சியை முன்னே தள்ளவேண்டும்.
உடம்பிலுள்ள நரம்பெல்லாம் இழு இழு என்னும்.
இழுத்தால் மண்.
ஒருமுறை இழுத்தேன்.

இங்கே வடகிழக்கிலிருந்து வரும் காற்றுக்குப் பெயர் பீஸ்.
எங்கள் வாடைக்கு ஒன்றுவிட்ட தங்கை,
ஆனால் கத்தியோடு வருவாள்.
அவள் வந்த நாளெல்லாம் மற்றவர்கள் வீட்டுக்குப் போக
நான் இறங்கப் பழகினேன்,
குறுக்குக் காற்றில், நண்டு நடையில்,
கடைசி அடியில் மூக்கை நேராக்கி.

இது நாலாவது ஓகஸ்ட். மூன்றாவது விமானம்.
பெரிய வால், கனமில்லாத உடம்பு.
பன்னிரண்டு அடிக்க ஏழு நிமிடம்.
பேட்டரியிலும் ஏழுதான்.
மூக்கை வானத்துக்கு நிமிர்த்தி
எடைக்குச் சரியான மோட்டாரை மட்டும் கொடுத்தேன்.
நின்றது.
சோளப் பூவின் உயரத்தில், வாலில்,
காற்றில் மாட்டிய சட்டை போல.
விரல் இரண்டும் ஒரு கணம் ஓயவில்லை,
அங்கே ஒன்றும் அசையவில்லை.

டிராக்டர் நின்ற சத்தம் கேட்டது.
'என்ன, பழுதாப் போச்சா?'

தலையைத் திருப்ப முடியாது.
வாயைத் திறந்தாலும் விழுந்துவிடும்.
வியூத்ரிஷ் கொஞ்ச நேரம் பார்த்திருந்து
'இதைவிட அந்த மஞ்சள் நல்லாப் பறந்தது' என்றார்.
கோயில் மணி
முதலாவதை அடித்தது.