முப்பது கிராம்

மருந்துக் குழாயை
நிறுத்துப் பார்ப்பார்கள் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.

நொவீனா, மூன்றாம் அறை.
மாவு நிறுக்கிற சின்னத் தராசு.
தாதி ரொஸ்னா வைத்ததும்
இருபத்தெட்டு என்று சிவப்பில் எரிந்தது.
தினமும் ரெண்டு வேளை போடுறேன் என்று
ஒரு நிமிடத்துக்கு முன்தான் சொல்லியிருந்தேன்.
எண்ணை எழுதிக்கொண்டார்.
அவ்வளவுதான்.

அடுத்த முறை நான் உஷார்.
இரவுக் காவல் முடிந்து வந்த கையோடு
கழுவுதொட்டியில் பிதுக்கினேன்.
வெள்ளைப் புழுவாய் நெளிந்து விழுந்தது.
தண்ணீரில் கரையாமல்
சல்லடைக் கண்ணில் அடைத்துக்கொண்டதை
விரலால் வழித்தெடுத்தேன்.
மறுநாள்
அந்த ஒரு விரலின் வெடிப்பு மட்டும்
ஆறியிருந்தது.

தராசு ஒப்புக்கொண்டது.
சட்டையைத் தூக்கச் சொன்னார்.
எண்ணுக்கும் முதுகுக்கும்
கணக்கு உதைத்தது.

ஏன் போடவில்லை என்று கேட்டிருந்தால்
என்னிடம் பதில்கள் இருந்தன:
பிசுபிசுப்பு, சீருடைக் கறை,
போன வருடம் போய்
இந்த வருடம் திரும்பி வந்தது,
ரயிலில் என் பக்கத்து இருக்கை
எப்போதும் காலி.
அவர் மலாயில் கேட்டது வேறு:
உங்கள் கை எட்டாத இடம் எது?

வீட்டில் யாராவது?
ஒருத்தன் இருக்கிறான் என்றேன்.

ஆ ஹோக்.
ஓரறை வாடகை வீட்டில்
வீவக என்னோடு சேர்த்துவிட்டவன்.
நடுவில் ஓர் அலமாரி.
நான்கு வருடமாய்
மின்கட்டணமும் கரப்பான் மருந்தும் மட்டும் பொது.
அவன் எழும் முன்
என் படுக்கைச் செதில்களைக் கூட்டிவிடுவேன்.
வீட்டுக்குள்ளும் முழுக்கைச் சட்டை.

அன்றிரவு கழற்றினேன்.
தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான்.
தொத்துமா?
இல்லை.
எழுந்து போய்க் கை கழுவினான்.
தொட்ட பிறகு கழுவுவான் என்று
நினைத்திருந்தேன்,
அவன் தொடுவதற்கு முன்பு கழுவினான்.
பிறகும்தான்,
அது களிம்புப் பிசுக்குக்காக.

இப்போது
ஒன்பதரைக்கு, நான் வேலைக்குக் கிளம்பும் முன்,
அலமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து
'சுடா சாப்பு?'
தடவியாச்சா என்று.
சில நாள் நாளைக்கு என்பேன்.
வாதாட மாட்டான்.
மூடியைத் திருகிக் கையில் வைத்துக்கொண்டு
நின்றுகொண்டே இருப்பான்
பேருந்துக்கு நேரமாகும் வரை.

சீனப் புத்தாண்டுக்குத் தங்கை வீட்டுக்குப் போனான்.
மூன்று நாள் விட்டுப்போனது.
அதை ரொஸ்னாவிடம் நானே சொன்னேன்,
தராசைப் பார்க்கும் முன்.

ஒன்பது கிராம் மிச்சம்.
எழுதிக்கொண்டார்.

தோள்பட்டைக்குக் கீழே
ஆ ஹோக் கண்ணாடி போட மறக்கும் இடம்
ஓர் இருபது காசு அகலத்துக்கு
இன்னும் சிவப்பு.