ஓர் அங்குலம்

மூன்றாவது முறை அழைத்தாள் ரெட்டா கோம்ஸ்.
"உன் கணப்பு ஓட்டை.
முக்கால் மணி நேரம் எரிகிறது
தானே செத்துப்போகிறது.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஆறு.
மின்கம்பம் சாய்ந்து இரண்டு நாள்.
பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் நான்,
எனக்குத் தெரியாதா,
இது இஞ்சின் போன வண்டி."

சக்கரத்தில் சங்கிலி கட்டி
கென்டக்கி மலைமடிப்பில் ஏறும்போது
அக்டோபரில் செய்த வேலையை
ஒவ்வொரு திருகாக
மனசுக்குள் கழற்றி மாட்டினேன்.
அறையை நாடா பிடித்து அளந்தேன்.
அவள் ஆசைப்பட்ட பெரிய கணப்பு
இந்த அறைக்கு ஆகாதென்று
கடைக்கே திருப்பினேன்.
படுக்கையறையில் வை என்றாள்,
மாட்டேன் என்றேன்.
இணைப்புகளில் சோப்புநீர் தடவி
ஒரு குமிழியாவது வருமா என்று
முழங்காலில் நின்று பார்த்தேன்,
வரவில்லை.
பீங்கான் விறகு ஆறு,
எரிந்தும் சாம்பலாகாத விறகு,
கையேட்டுப் படத்தில் உள்ளபடியே அடுக்கினேன்,
விரற்கடை நகர்ந்தாலும் கரி கக்கும்.
பிறகு எங்கே தவறினேன்?

கதவடியில் சுருட்டிய துண்டு.
ஜன்னலெல்லாம் பிளாஸ்டிக் தாள், வெள்ளி நிற டேப்.
சாவித்துளையில்கூடப் பஞ்சு.
தாளுக்குப் பின்னால்
கண்ணாடி வியர்த்து வழிந்தது.
மேல்பலகையில் காயும் மூன்று காலுறை,
அவற்றில் ஒன்று ஏற்கெனவே பழுப்பு.
பிஸ்கட் என்கிற நாய்
கொட்டாவி மேல் கொட்டாவி விட்டது.

அவள் தங்கை புருஷன் லான்சோ
குறடோடு குந்தியிருந்தான்.
"இந்தச் சின்னக் கண்தான் குற்றவாளி.
இதைப் பிடுங்கினால்
விடிய விடிய எரியும்."
குறடைக் கேட்டேன். தந்தான்.
என் பையில் போட்டுக்கொண்டேன்.
இன்றுவரை திருப்பித் தரவில்லை.

ரெட்டா, இதற்குப் புகைபோக்கி கிடையாது.
இது இழுப்பது உன் வீட்டு மூச்சு,
விடுவதும் உன் வீட்டுக்குள்தான்.
நீ, நாய், நெருப்பு
ஒரே காற்றுக்கு மூன்று பங்காளிகள்.
பாகம் குறைந்தால் உனக்குத் தெரியாது.
தலை கனக்கும்,
தூக்கம் என்று நினைத்துக்கொள்வாய்.
வருவதற்கு நிறமில்லை, மணமில்லை,
படியேறும் சத்தமில்லை.
அந்தச் சின்னக் கண்ணுக்குத் தெரியும்.
காற்று மெலிந்ததும்
தன் உயிரை முதலில் விடும்.

சுவரில் நான் மாட்டிய எச்சரிக்கை மணி எங்கே?
அவள் ரேடியோவைப் பார்த்தாள்.
புயல் செய்தி கேட்க
பேட்டரி அதற்குள் போயிருந்தது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
"பதினோரு தடவை பற்றவைத்தேன்" என்றாள்.
பிறகு, தனக்குள் சொல்வதுபோல,
"அப்படியானால்
இஞ்சின் இல்லை. பிரேக்."

டேப்பைக் கிழித்தேன்.
"காசு கொடுத்துச் சூட்டை வாங்கி
குளிரை நானே கூப்பிட வேண்டுமா?"
ஓர் அங்குலம்தான் என்றேன்.
கடன்காரனைப் போலத் தலைநீட்டியது குளிர்.
கண்ணாடி மெல்ல உலர்ந்தது.
பஞ்சு போனது, துண்டு போனது,
காலுறைகள் நாற்காலிக்குப் போயின.
பேட்டரி சுவருக்கே திரும்பியது,
ரேடியோ பாதி வாக்கியத்தில் நின்றது.

பற்றவைத்தோம்.
அடியில் நீலம், நுனியில் கொஞ்சம் மஞ்சள்.
மூவரும் கடிகாரத்தையே பார்த்தோம்.
பீன்ஸை ஆறியபடியே தின்றோம்,
இது சமையல் அடுப்பல்ல என்று
லான்சோவிடம் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.
நாற்பத்தைந்து.
ஐம்பது.
ஒரு மணி பத்து.
நெருப்பு
தன் பாகத்தோடு அமைதியாக இருந்தது.

படுக்கப் போகுமுன்
அவளே திருகி அணைத்தாள்,
சொல்லாமலே.
கம்பளி மூன்றும் நாயும் போதும் என்றாள்.

காலையில் செய்தி வந்தது:
"ஜன்னலை மூட மறந்துவிட்டேன்.
விளிம்பில் ஒரு கோடு பனி விழுந்திருக்கிறது,
சரியாக அந்த அங்குல அகலத்துக்கு.
துடைக்க மனசு வரவில்லை.
லான்சோ
குறடு கேட்கிறான்."