ஐந்தாவது கையெழுத்து

வரவுப் பதிவேட்டில் ஆறு வருடத்துக்கு
நான்கு கையெழுத்துகள்.
முதலாவது குண்டு குண்டாக, நீல மையில், நாற்பது பக்கம்.
இரண்டாவது சாய்ந்தது; வரிசை எண் 212-இல்
பாதிச் சொல்லில் நிற்கிறது: கருங்கல், உயரம் மூன்று அ
மூன்றாவது பதினொரு நாள்.
நான்காவது யாரென்று தெரியும். லலிதகுமாரி.
இப்போது பர்கூர்ப் பக்கம் மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறாள்,
பேருந்தில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.
ஐந்தாவது நான்.

கிருஷ்ணகிரி தாண்டியதும்
நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும் கட்டடம்,
பெங்களூர் கார்கள் வந்து நிற்கும் கட்டடம்,
அதுக்குள்ள என் பொண்ணு
என்று ஊரெல்லாம் சொன்னார் அப்பா.
இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

இயக்குநர் கத்த மாட்டார்.
குரலைத் தாழ்த்துவார்.
தாழ்த்தத் தாழ்த்த நாம் குனிந்து கேட்கவேண்டும்,
முதுகு அப்படியே பழகிவிடும்.
"நீங்க எனக்கா வேலை செய்றீங்க? கலைக்குச் செய்றீங்க."
பத்தாம் தேதியும் சம்பளம் வராதபோது
வீட்டுக்காரரைக் கலைகிட்ட அனுப்பிடலாமா சார்
என்று கேட்டவர் திம்மராயன் ஒருவர்தான்,
சிற்பங்களைத் தூக்கி இறக்குகிறவர்.
எல்லாரும் சிரித்தோம். இயக்குநரும் சிரித்தார்.
மறுவாரம் திம்மராயன் பெயர்
வாசல் காவலுக்கு மாறியிருந்தது. இரவுப் பணி.

காகித ஓவியங்கள் இருக்கும் அறைக்கு
இருபத்திரண்டு டிகிரி, ஈரப்பதம் ஐம்பது.
கூடினால் குறைந்தால்
நடுராத்திரியிலும் என் கைப்பேசி அலறும்.
எங்கள் அறையின் மின்விசிறி சித்திரையிலேயே நின்றுவிட்டது.
அதற்கு எந்தக் கைப்பேசியும் அலறவில்லை.

கண்காட்சி நூலில் நான் எழுதிய பதினாறு பக்கம்
வேறொருவர் பெயரில் வந்தது.
வெளியீட்டன்று தேநீர்க் கோப்பைகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.
"நாம ஒரே குடும்பம்" என்று மேடையில் அவர் சொன்னதும்
கைதட்டினேன்,
மற்றவர்களைவிடச் சத்தமாக.
அதைத்தான் மறக்க முடியவில்லை.

அன்றிரவு பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பியது தற்செயல்.
பென்சிலில், குண்டு எழுத்து:
மூன்றாம் கிடங்கில் சன்னல் திறக்கும்.
குவாரியில் கல் அறுக்கும்போது அழு, வெளியே கேட்காது.
கீழே, சாய்ந்தது:
அவர் சொல்வதையெல்லாம் தேதி போட்டு எழுதி வை.
பதினொரு நாள் எழுதியிருந்தது ஒரே சொல்:
ஓடு.
லலிதகுமாரி எழுதியதை அவளே அழித்திருந்தாள்;
அந்த இடத்தில் தாள் மெலிந்து பளபளத்தது.
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
படிக்க முடியவில்லை.

விலகல் கடிதம் இரண்டே வரி.
அனுபவச் சான்றிதழ் தரமாட்டார்கள், தெரியும்.
அப்பாவிடம் என்ன சொல்வது, தெரியவில்லை.
பென்சிலைச் சீவிக்கொண்டு எழுதினேன்:

காவேரிப்பட்டணம் கடைசி வண்டி ஒன்பது நாற்பது.
கூட்டம் நடந்துகொண்டிருந்தாலும் எழுந்து போ.
இங்கே நிறுத்தம் கிடையாது, ஆனாலும் நிற்கும்.
வாசலில் திம்மராயன் இருப்பார்,
டார்ச் வைத்திருக்கிறார்.