மோவாய்த் தையல்

இரண்டு வருடம் ஆஸ்துமா என்றார்கள்.
க்தான்ஸ்க் துறைமுகக் கிரேனுக்கு
நாற்பது மீட்டர் ஏணி;
பாதியில் நின்று இன்ஹேலரை உறிஞ்சுவாள் போகுமிவா.

புது டாக்டர் நெஞ்சை விட்டுக்
கழுத்தில் வைத்தார் ஸ்டெதாஸ்கோப்பை.
"இழுக்கும்போதல்லவா விசில்" என்றார்.
பிறகு ஸ்கேன். பிறகு
லட்சத்தில் ஒருவருக்கும் வாய்க்காத ஒரு பெயர்.

மூச்சுக்குழாயில் ஐந்து வளையம் வெட்டி
முனையோடு முனை சேர்த்தார்கள்.
அண்ணாந்தால் பிரிந்துவிடும்;
மோவாயை மார்போடு
இரண்டு தையலில் கட்டினார்கள்.

ஏழு நாள் குனிந்த தலை.
"சிரமமா?" என்றாள் நர்ஸ் வியோலெட்டா.
சிலேட்டில் எழுதினாள்:
"கீழே பார்க்கத்தானே
இருபது வருடமாய்ச் சம்பளம்."

எட்டாம் நாள் நூலை நறுக்க
மெல்ல, கொஞ்சமே நிமிர்ந்தாள்.
கூரையோரம் எரியாத ஒரு ட்யூப்லைட்.
அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
மூச்சு
சத்தமில்லாமல் போய்வந்தது.