மூன்றாம் எதிர்மனுதாரர்

முதலாம் எதிர்மனுதாரர்
லாரன்ஸ் ரோட்டில், மெடிக்கல் ஷாப்புக்கு மேலே
பூட்டிக் கிடக்கும் ஒரு ஷட்டர்.
இரண்டாமவர் அதன் நிர்வாக இயக்குநர்.
அவருக்கு அனுப்பிய பதிவுத் தபால்கள்
'விலாசதாரர் இல்லை' என்று
தவணை தவறாமல் திரும்பி வருகின்றன.
மூன்றாவது நான்.

மஞ்சக்குப்பம் நுகர்வோர் ஆணையத்தில்
டவாலி மூன்று பெயரையும் கூப்பிடுகிறார்.
எழுந்து நிற்பது ஒரே ஒரு புடவை.

கேஷியர். மாதம் ஒன்பதாயிரம்.
சேரும்போது ஐம்பதாயிரம் ஜாமீன் கட்டினேன்,
அதுவும் போயிற்று.
அதை இங்கே யாரும் கேட்கவில்லை,
நான் சொன்னால் நன்றாகவும் இருக்காது.

மனுதாரர் குணபூஷணி, நெல்லிக்குப்பம்.
கணவர் சர்க்கரை ஆலையில் இருந்து, இறந்து,
வந்த பணம் இரண்டு லட்சம்
ஜவுளிக்கடைப் பையில் வந்தது.
எண்ணும் மெஷின் அன்று மக்கர்.
ஈர ஸ்பாஞ்சில் விரல் தொட்டு நான் எண்ண
அவர் உதடு கூடவே எண்ணியது.
நடுவில் தப்பியது எனக்குத்தான்.
மறுபடி முதலிலிருந்து எண்ணினோம்.

'சீனியர் சிட்டிசனுக்கு அரை பர்சன்ட் கூடம்மா.'
அன்று அதை யாரும் சொல்லச் சொல்லவில்லை.
நானாகத்தான் சொன்னேன்.

முதிர்ந்ததும் என்ன செய்வீங்க என்றேன், பேச்சுக்கு.
வீட்டோட ஒட்டினாப்ல ஒரு கக்கூஸ் என்றார்.
ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு
கொல்லைக்கு நடக்க முட்டி விடவில்லையாம்.

ரசீதின் தலையில்
'நிரந்தர வைப்பு' என்று பச்சை மையில் அச்சடித்திருந்தோம்.
அந்த ஒரு சொல்லில் மட்டும்
கம்பெனி வாக்குத் தவறவில்லை.

முதிர்வு நாள் ஒரு திங்கட்கிழமை.
வியாழன் வாங்க என்றேன்.
வியாழன், ஆடிட்டிங் நடக்குது என்றேன்.
இன்னும் ஒரு வருஷம் புதுப்பிச்சுக்கலாமே என்றேன்.
சார் பாண்டிக்குப் போயிருக்கார் என்றேன்,
உள் அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.
ஒன்பதாயிரத்தில் குரலும் அடக்கம்.

ஒரு நாள் காலை
சாப்பாட்டு டப்பாவோடு படியேறினால்
ஷட்டரில் புதுப் பூட்டு.
எனக்கு முன்பே அவர் வந்து நின்றிருந்தார்.
அன்றுதான் இருவரும்
கவுண்டருக்கு ஒரே பக்கம் நின்றோம்.

'இது உங்க கையெழுத்தா?'
பிளாஸ்டிக் கவருக்குள் ரசீது.
ஐப்பசி வெள்ளத்தில் மூலை ஊறி
முத்திரை ஊதாவாய்க் கலைந்திருந்தது.
'ரூபாய் இரண்டு லட்சம் மட்டும்.'
அந்த 'மட்டும்' அப்படியே இருந்தது,
பக்கத்தில் யாரும் எதுவும் சேர்க்க முடியாதபடி
நான் இழுத்த கோட்டோடு.

ஞாபகமில்லைன்னு சொல்லும்மா என்று
பின்பெஞ்சிலிருந்து யாரோ முணுமுணுத்தார்.
என்னுதுதான் ஐயா என்றேன்.

உத்தரவு வந்தது:
அசலும், ஒன்பது சதவீத வட்டியும்,
மன உளைச்சலுக்கு இருபதாயிரமும்
ஒன்றாம் இரண்டாம் எதிர்மனுதாரர்கள் தரவேண்டும்.
மூன்றாமவர் மீது தள்ளுபடி.
நாற்பத்தைந்து நாளுக்குள் என்று போட்டிருந்தது.
ஊருக்குப் போகாத வழிக்கு
யாரோ மைல்கல் நட்டதுபோல.

இப்போது நிறைவேற்று மனு.
நான் வரவேண்டிய கட்டாயமில்லை.
பாகூரில் மச்சினன் பேரில் ஒரு மனை,
வில்லியனூரில் பாதி கட்டிய மண்டபம்,
தெரிந்ததைச் சொல்ல வருகிறேன்.
என் வீட்டுக்காரர் கேட்கிறார்,
தப்பிச்சவ எதுக்கு மறுபடி கூண்டுக்குப் போற?
பதில் சொல்லாமல் பஸ் ஏறுகிறேன்.

இன்றும் தள்ளிவைத்துவிட்டார்கள்.
வெளியே சைக்கிள் ஸ்டாண்டு நிழலில்
தேதி என்ன சொன்னாங்க, சரியாக் கேக்கல,
எழுதிக் குடு என்றார் குணபூஷணி.
ரசீது நகலின் பின்பக்கத்தை நீட்டினார்.

மார்ச் பதினேழு. காலை பத்தரை.
எழுதி முடித்ததும்
கை, பழக்கத்தில்,
கீழே கையெழுத்தும் போட்டுவிட்டது.

அவர் அதைப் பார்த்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
நாலாய் மடித்து
அதே கவருக்குள் வைத்துக்கொண்டார்.