சோப்பு நுரைச் சோதனை

திருப்பூரில், பனியன் கம்பெனிக்காரன் ஒருவன் வீட்டில்
இருபத்துநாலு மணி நேரமும் ஏசி ஓடுகிறது,
ஆளுக்கல்ல, டப்பாக்களுக்கு.
அடுத்த அறையில் கோமளவல்லி
மின்விசிறிக்கடியில் ஈரத்துண்டோடு தூங்குகிறாள்.

அந்தப் பனியன் கம்பெனிக்காரன் நான்.

நாற்பத்தேழு டப்பா, எல்லாம் பைப் புகையிலை.
கலங்கரை விளக்கம் போட்டது, செம்மறி போட்டது,
பெயரை மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருப்பது.
ஹாம்பர்க் பையர் கொடுத்தனுப்பியது மூன்று.
கோபன்ஹேகனில் கடையை மூடிய கிழவரிடம்
மொத்தமாக அள்ளியது பதினொன்று.
கஸ்டம்ஸில் ஒருமுறை பிரிக்கச் சொன்னார்கள்.
பிரித்தால் இது வெறும் புகையிலை சார்,
பிரிக்காதவரைதான் இது... என்று ஆரம்பித்து
முடிக்கத் தெரியாமல் அபராதம் கட்டினேன்.

தினம் நான் பற்றவைப்பதென்னவோ
காதர்பேட்டையில் வாங்கும் சாதாரணப் பவுச்.
அதில் ஒரு குறையும் இல்லை.
அதனால்தான் அதைத் தீர்த்துவிட முடிகிறது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் குறித்துவைத்திருந்தேன்.
கலங்கரை விளக்கம், மகள் கல்யாணத்துக்கு.
அன்று மழை. சீர்த்தட்டில் தகராறு.
முதல் லட்சம் பீஸ் ஆர்டர் வந்தபோது
சாயம் சாம்பிளோடு ஒத்துவரவில்லை.
பட்டறைகளை மூடச் சொன்ன வருஷம்
துக்கத்துக்கும் ஒன்று திறக்கலாமே என்று எடுத்தேன்.
திருப்பிப் பார்த்தேன். வைத்துவிட்டேன்.
அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில்; டப்பா இங்கே.

‘இதை எதில் காட்டட்டும்,
சரக்கிருப்பிலா, சொந்தச் செலவிலா?’
என்று ஆடிட்டர் தம்பணன் கேட்டு
இரண்டு மார்ச் முடிந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை ஏசி நின்றது.
அவிநாசியிலிருந்து குழந்தைவேல் வந்தார்.
செப்புக் குழாயில் சோப்பு நுரை தடவினார்.
ஒரு மூட்டில் குமிழி புடைத்துப் புடைத்து வெடித்தது.
‘கேஸ் லீக்குங்க.’
அப்படியே திரும்பி அலமாரியைப் பார்த்தவர்
‘இதுலயும் துரு புடிச்சிருக்குதுங்க’ என்றார்.
கலங்கரை விளக்கத்தின் அடியில், மிளகளவு.
கேட்காமலே அதற்கும் நுரை தடவினார்.

காத்திருந்தோம். குமிழி வரவில்லை.
‘அப்ப நல்லாத்தான் இருக்கு’ என்றேன்.
‘உள்ள எதாச்சும் இருந்தாத்தானுங்க வெளிய வரும்.
இது எப்பவோ மூச்ச உட்ருச்சுங்க.’

ஸ்க்ரூடிரைவரை நீட்டினார்.
நல்ல டப்பா திறக்கும்போது உஸ்ஸென்னும்.
படித்திருக்கிறேன், கேட்டதில்லை.
இது தாழ்போடாத வீட்டுக் கதவு மாதிரி
பேசாமல் திறந்துகொண்டது.
உள்ளே டீத்தூள் போல ஏதோ.
குழந்தைவேல் ஒரு சிட்டிகை எடுத்து
பழக்கத்தில் உதட்டுக்குள் ஒதுக்கினார்.
‘காரமே இல்லீங்களே’ என்றார், வருத்தமாக.

பைப்பில் அடைத்தேன். காய்ந்த சோகை மாதிரி
பரபரவென்று எரிந்து நாக்கைச் சுட்டது.
நான்காவது இழுப்பில் ஏதோ வந்தது.
திராட்சை வற்றலா, நனைந்த மரப்பெட்டியா,
பெயர் வைப்பதற்குள் போய்விட்டது.
வந்தது என்று மட்டும் சத்தியம் பண்ணுவேன்.

கேஸ் நிரப்ப மூவாயிரத்து இருநூறு.
வாஷர் போட்டுவைக்கக் காலி டப்பாவைக் கேட்டார்.
மூடியிருந்தால் பதினெட்டாயிரம் போகும் அதை
சும்மா கொடுத்தேன்.

ராத்திரி கிண்ணத்தில் நானே நுரை கலக்கி
மிச்சம் நாற்பத்தாறுக்கும் தடவினேன்.
மூச்சு இருப்பதும் போனதும்
ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தன, நுரை பூசிக்கொண்டு
முடிதிருத்தக் கடையில் வரிசை பார்ப்பவர்களைப் போல.

செம்மறியைத் துடைத்து எடுத்தேன்.
ஐந்து ரூபாய்க் காசின் விளிம்பை
மூடிக்கடியில் கொடுத்து நெம்பினேன்.

உஸ்.

வெளியே எதுவும் வரவில்லை. உள்ளே போனது,
ப்ளீச்சிங் வாடையோடு எங்கள் ஊர்க் காற்று.
அதற்குப் பிறகுதான் மணம் எழுந்தது.

‘ஏனுங்க, என்ன சத்தம்?’
‘ஏசிதான்.’
‘அதைத்தான் சரி பண்ணியாச்சே?’

பதில் சொல்லவில்லை.
தீப்பெட்டி சமையலறையில் இருக்கிறது.
அவளைத் தாண்டித்தான் போகவேண்டும்.